உச்சிவேளைப் பேயும் ஒரு சங்கீதமும்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்துச் சிற்றூர்களில் பேய் நடமாடும் நேரம் நள்ளிரவு மட்டுமன்று, உச்சிவேளையும்தான் என்னும் நம்பிக்கை பழையது. பிள்ளை பெற்றவளை நண்பகலில் தனியே வெளியே அனுப்பாதிருப்பதும், அனுப்ப நேர்ந்தால் கையில் இரும்புத் துண்டோ வேப்பிலையோ கொடுத்தனுப்புவதும் அதன் நடைமுறை. இதே நண்பகல் அச்சம் பண்டைய யூதருக்கும் இருந்தது. எபிரேய மறைநூலைக் கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் தந்த 'எழுபதின்மர்' பெயர்ப்பில், தீங்குகளிலிருந்து காவல் வேண்டும் 91ஆம் சங்கீதம் நண்பகற்பேயை வெளிப்படையாகவே சுட்டுகிறது. சாக்கடலோரக் கும்ரான் குகையொன்றில் கிடைத்த தோற்சுருளோ, அச்சங்கீதத்தைப் பேயோட்டும் பாடல்களுடன் ஒருசேர வைத்திருக்கிறது. தென்பாண்டிக் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் அச்சம் வந்தால் வாயில் வருவது அச்சங்கீதமே.

ஓதுவதோடு யூதர் நிற்கவில்லை. எருசலேமின் கேத்தெப் ஹின்னோம் கல்லறையில் 1979இல் கிடைத்த இரு சிறு வெள்ளிச் சுருள்களில், குருக்கள் மக்களுக்குக் கூறும் ஆசிமொழி பொறிக்கப்பட்டிருந்தது. நம் வழக்கில் அவை தாயத்துகளே. பிற்கால மெசொப்பொத்தேமியாவிலோ, மந்திரச் சொற்களைச் சுழல்வரியாக எழுதிய மண்கிண்ணங்களை வீட்டுத் தரைக்கடியில் கவிழ்த்துப் புதைத்தார்கள். பேயை உள்ளே அடைத்துவைக்கும் பொறி என்று ஆய்வாளர் சிலர் அவற்றைக் கருதுகின்றனர். வாசலில் படிகாரமும் எலுமிச்சையும் கட்டுகிறவருக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

தொடக்கக் கிறிஸ்தவம் பொருள்களை விலக்கி இயேசுவின் பெயர், மன்றாட்டு, சிலுவை அடையாளம் ஆகியவற்றையே காவலாகக் கொள்ள முயன்றது. திருமுழுக்குக்கு முன் பேயோட்டும் சடங்கும் அமைந்தது. ஆயினும் 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், குருமாரே தாயத்துச் செய்யலாகாது எனத் தடைவிதிக்க வேண்டியிருந்தது. செய்யாதவரைத் தடுப்பார் உண்டோ? அதே போராட்டம் நம் பக்கத்திலும் தொடர்ந்தது. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல், 1849இல் திருநெல்வேலிச் சாணார் பற்றி எழுதிய நூலில் பேய்வழிபாட்டைக் கடுமையாகச் சாடினார். தாயத்தை அறுக்கச் சொல்வது எளிது. அதைக் கட்டவைத்த அச்சம் போதனையால் மட்டும் அகலுவதில்லை என்பதற்குக் 4ஆம் நூற்றாண்டுக் குருமாரின் தாயத்துகளே சான்று.

பேயோட்டத்தின் கொடிய பக்கம் சங்கிலி. மாற்கு நற்செய்தியில், பேய்பிடித்து விலங்குகளை முறித்துக்கொண்டு கல்லறைகளில் அலைந்தவன், இயேசுவால் நலம்பெற்றபின் ஆடையுடுத்தித் தெளிந்த புத்தியோடு அமர்ந்திருக்கிறான். மறுபடி எவரும் அவனைக் கட்டியதாக அங்கே சொல்லப்படவில்லை. இக்காட்சி போதித்த இரக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் எட்டவில்லை. 2001 ஆகஸ்டில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பேய் நீங்கவெனக் கொண்டுவரப்பட்ட மனநோயாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தவர் உட்பட 28 பேர் இறந்தனர். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.