காய்கறியில் நஞ்சு: அளந்ததும் அளக்காததும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

‘மருந்து’ என்றால் நோய் தீர்ப்பது என்று அகராதி சொல்லும். எங்கள் கரிவலம்வந்தநல்லூரில் அதற்கு வேறு பொருள். “மருந்தடிச்சாச்சா?” என்று ஒருவர் கேட்டால், வெண்டைக்கோ மிளகாய்க்கோ பூச்சிக்கொல்லி தெளித்தாகிவிட்டதா என்பதே கேள்வி. என் தந்தை கூலிக்கு மருந்தடிப்பவர். அந்தக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிப் படியேறியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் காய்கள் சுரண்டை, பாவூர்சத்திரம் சந்தைகளுக்குப் போய், அங்கிருந்து புளியரையைத் தாண்டிக் கேரளம் செல்வதை நண்பர்கள் அறிவீர்கள். 2015ஆம் ஆண்டில் தமிழகக் காய்கறிகளில் நஞ்சு எச்சம் மிகுதி என்று கேரளத்தில் பெரும் கூக்குரல் எழுந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் காய்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தது. கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் அதில் அடிக்கடி அடிபட்ட பெயர்கள். நான் அப்போது தொடக்கப்பள்ளிச் சிறுவன். “நம்ம காயைக் குறை சொல்லுதான்” என்று ஊரில் எல்லோரும் பொருமியது மட்டும் நினைவிருக்கிறது.

வேதியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான், அந்தச் சோதனை எவ்வளவு நுட்பமானது என்பது புரிந்தது. காயைக் கூழாக அரைத்து, அசிட்டோநைட்ரில் கரைப்பானோடு குலுக்கி, மெக்னீசியம் சல்பேட்டால் நீரை நீக்கி, தெளிந்த கரைசலை வண்ணப்பிரிகைக் கருவிக்கும் நிறை நிறமாலைமானிக்கும் அனுப்புகிறார்கள். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்குப் பொதுவாக நம் நாட்டில் வைத்திருக்கும் உச்ச அளவு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. லாரிக்குப் பத்து டன் என்று கொண்டால், பத்து லாரிக் காயில் ஒரே ஒரு கிராம்! அதையும் அந்தக் கருவி கண்டுபிடித்துவிடுகிறது. நம் ஆய்வகத்துப் பியூரெட்டோடு மல்லாடும் நமக்கு இது மாயாஜாலமாகவே படும்.

இனி வயலுக்கு வாருங்கள். முதுகில் மாட்டும் பதினாறு லிட்டர் டேங்குக்கு இத்தனை மூடி என்பதுதான் எங்கள் கணக்கு. 36 விழுக்காட்டு மருந்தில் முப்பது மில்லி ஊற்றினால், பத்துக் கிராமுக்கு மேல் நஞ்சு அந்த ஒரு டேங்கில் இருக்கும். காயில் கிராமின் எத்தனையோ கோடியில் ஒரு பங்கைத் தேடுகிறோம். அந்தப் பத்துக் கிராமும் ஒரு மனிதனின் தோளில் ஒழுகுகிறது.

அடித்த பின் இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று புட்டியோடு வரும் தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சிலவற்றுக்கு மூன்று நாள், சிலவற்றுக்கு ஒரு வாரமும் அதற்கு மேலும். வெண்டையோ ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய காய். ஒரு வாரம் விட்டால் முற்றி நாராகிவிடும்; கமிஷன் கடையில் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். பூச்சி துளைத்த காயையும் அப்படியே தள்ளிவிடுவார்கள். அடிக்காமலும் இருக்க முடியாது, அடித்துவிட்டுக் காத்திருக்கவும் முடியாது. இதைப் பேராசை என்று சொல்பவர்கள் ஒருமுறை வெண்டை போட்டுப் பார்க்கலாம். (மஞ்சள் நீரில் கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நம்பும் தோழியருக்கும் ஒரு செய்தி: மேலே படிந்ததில் ஒரு பகுதி போகும், செடியின் சாற்றுக்குள் ஊடுருவியது போகாது.)

பாஸ்பரஸ் சேர்ந்த இந்த மருந்துகளில் பல எப்படிக் கொல்கின்றன? நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைக்க ஒரு நொதி உண்டு, பெயர் கோலினெஸ்டரேஸ். மருந்து அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடுகிறது. பூச்சிக்கும் அதே நொதிதான், மனிதனுக்கும் அதே நொதிதான். வியர்வை கொட்டும், எச்சில் ஊறும், கண்மணி சுருங்கிப் பார்வை மங்கும், தசை துடிக்கும். பாடத்தில் இதைப் படித்தபோது எனக்கு வகுப்பறை மறந்துவிட்டது. மருந்தடித்த நாட்களில் என் தந்தை “கண்ணு மங்குது” என்று திண்ணையில் சாய்வதும், தாயார் மோர் கொண்டு வந்து கொடுப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். வெயில் என்றே நினைத்திருந்தோம்.

உண்டவர்கள் மாண்டபோதெல்லாம் நாடு விழித்துக்கொண்டிருக்கிறது. 1958இல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிக்குப் பயன்படுத்த 2005இலேயே தடை வந்தது. ஆனால் பருத்திக்கென்று கடையில் இருந்த புட்டிக்கு வெண்டைக்காட்டு வழி தெரியாதா என்ன? 2013இல் பீகாரில் சரண் மாவட்டத்துப் பள்ளியொன்றின் மதிய உணவில் அதே மருந்து கலந்து 23 குழந்தைகள் மாண்டனர். அதன் 36 விழுக்காட்டுக் கரைசலுக்கு மத்திய அரசின் தடையாணை வந்தது 2023இல்.

அடிப்பவன் கதை அவ்வளவு எளிதில் செய்தியாவதில்லை. பூச்சிக்கொல்லி செய்யும் தொழிற்சாலையில் இவ்வகை மருந்தோடு வேலை செய்வோருக்கு மாதந்தோறும் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. எங்கள் ஊரில் டேங்க் சுமப்பவர்களில் அந்தச் சோதனை செய்துகொண்ட ஒருவரையும் நான் அறியேன்.

எங்கே செய்கிறார்கள் என்று விசாரித்தேன். திருநெல்வேலிக்குப் போக வேண்டுமாம். இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒருமுறை பார்த்தால் போதாது. மருந்தடிக்கும் காலத்தில் ஒன்றும், ஒரு மாதமாவது ஓய்ந்திருந்த பின் ஒன்றும் எடுத்து ஒப்பிட வேண்டும். தந்தையிடம் விளக்கினேன்.

“காய்க்குப் பாக்காங்க, சரி. எனக்கு எதுக்குலே ரெண்டு தரம் ஊசி?” என்றார்.

“உங்களுக்குத்தாம்பா முதல்ல பாக்கணும்” என்றேன்.

“மிளகாய் ஒதுங்கட்டும், பாத்துக்கிடலாம்.”

மிளகாய் ஒதுங்கிய பின் எடுப்பது இரண்டாவது சோதனை. முதலாவதை இப்போதே எடுத்தாக வேண்டும். வரும் சனிக்கிழமை எனக்கு வகுப்பில்லை. உதவித்தொகையில் பேருந்துச் செலவுக்கும் சோதனைக்கும் எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு யாரும் அவரை மருந்தடிக்கக் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.