பின்னால் என்ன வரைவது?

பென்சிலில் ஒருவர் முகத்தை மட்டும் வரைந்தால் பின்னணி பற்றிக் கவலையே இல்லை. வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து இருக்கிற படம் என்றால்தான் வம்பு. வெறும் தாளாக விட்டால் பாஸ்போர்ட் போட்டோக்களை வெட்டி ஒட்டியது மாதிரி தலைகள் மிதக்கும். சரி, இருப்பதையெல்லாம் வரைந்துவிடலாம் என்று இறங்கினால் காலண்டர், டியூப்லைட், ஜன்னல் கம்பி எல்லாம் முகங்களோடு போட்டிக்கு வந்து நிற்கும். யாராவது ஒருவர் தலையில் இருந்து தூண் முளைத்திருக்கும்!

நிறையப் பேர் செய்வது இதுதான்: முகங்களையெல்லாம் பாடுபட்டு முடித்துவிட்டு, "பின்னாடி லேசா ஷேடு போட்டுக்கலாம்" என்று கடைசிக்குத் தள்ளுவது. அங்கேதான் படம் கெட்டுப் போகிறது. கடைசியில் ஷேடு போடும்போது கை முடிந்த முகங்களின் மேல் உரசும், கரி தேய்ந்து கன்னம் எல்லாம் அழுக்காகும். விரலால் தேய்த்தால் விரலின் எண்ணெய் தாளில் இறங்கித் திட்டுத் திட்டாக நிற்கும், அதை ரப்பராலும் எடுக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பென்சிலுக்கு இருக்கிற வசதி ரொம்பக் குறைவு. தாளின் வெள்ளையை விட வெளிச்சம் கிடையாது, பென்சில் கரியை விடப் பெரிய இருட்டு கிடையாது. அந்தச் சின்ன பட்ஜெட்டுக்குள்தான் எல்லாச் செலவும். பாட்டியின் நரைத்த தலை தெரிய வேண்டுமானால் அதற்குப் பின்னால் கொஞ்சம் இருட்டு வேண்டும். பக்கத்திலேயே நிற்கும் பேரனின் கறுத்த முடிக்குப் பின்னால் அதே இருட்டைப் போட்டால் அவன் தலை சுவரோடு கரைந்துவிடும். ஆகவே பின்னணி முழுக்க ஒரே ஷேடு என்பது குரூப் படத்துக்கு ஆகாது. வெளுத்த இடத்துக்குப் பின்னால் கருப்பும் கருத்த இடத்துக்குப் பின்னால் வெளுப்புமாக, தெரியாமல் மாறிக்கொண்டே போக வேண்டும். இரண்டு தலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன இடுக்கிலும் அதே சுவர்தான் தெரிய வேண்டும். அந்த இடுக்கை வெள்ளையாக மறந்துவிட்டால் மறுபடியும் வெட்டி ஒட்டிய கதைதான்.

இதெல்லாம் கையால் பழகிக்கொள்ளும் வேலை. கஷ்டமான கேள்வி வேறு: பின்னால் எதை வைப்பது, எதை விடுவது?

ஆங்க்ர் என்று ஒரு பிரெஞ்சு ஓவியர் (1780–1867). நெப்போலியன் ஆட்சி சரிந்தபோது அவர் ரோமில் இருந்தார். படம் வரையச் சொல்லிக் காசு கொடுத்த பிரெஞ்சு அதிகாரிகள் ஊரைக் காலி செய்துவிட, வயிற்றுப்பாட்டுக்காக அங்கே வருகிறவர்களைப் பென்சிலில் வரைந்து கொடுத்தார். அவற்றில் பலவற்றில் முகம் மட்டும் அச்சு அசலாக இருக்கும், உடைக்குச் சில கோடுகள், பின்னால் வெறும் தாள். ஆனால் குடும்பப் படம் என்று வந்தால் அவரும் யோசித்திருக்கிறார். 1818-இல் வரைந்த ஸ்தமாத்தி குடும்பத்தின் படத்தில் ஐந்து பேரோடு ஒரு பியானோவும் இருக்கிறது. அதிலிருக்கும் சின்னப் பையன் கமீய் பின்னாளில் பெயர் பெற்ற பியானோ ஆசிரியரானார். அந்த ஒரு சாமான் போதும், அது எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்துவிடுகிறது.

1815-இல் அவர் வரைந்த இன்னொரு படம் நெப்போலியனின் தம்பி லூசியன் போனபார்ட்டின் குடும்பம். இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். லூசியன் இல்லை. திரும்பி வந்த அண்ணனுக்குத் துணையாகப் பிரான்சுக்குப் போயிருந்தார். ஆங்க்ர் என்ன செய்தார் தெரியுமா? லூசியனின் மார்பளவுச் சிலை ஒன்றைப் பின்னால் வைத்துவிட்டார். ஆள் ஊரில் இல்லை, ஆனால் படத்தில் இருக்கிறார்!

தென்காசிப் பக்கம் ஒரு பி.காம் மாணவிக்கு இதே சிக்கல் வந்தது. அப்பா மஸ்கட்டில். அப்பா அம்மாவின் 25-ஆவது கல்யாண நாளுக்குக் குடும்பத்தை ஏ3 தாளில் வரைந்து கொடுக்க ஆசை. ஆனால் ஆச்சி, அம மா, தம்பி, அவள், அப்பா என்று ஐந்து பேரும் சேர்ந்து நிற்கிற ஒரு நல்ல போட்டோ வீட்டில் கிடையாது. அப்பா வந்திருக்கும்போது அவர்தான் கேமராவைப் பிடித்திருப்பார். ஆங்க்ர் வழியிலேயே போகலாம் என்று, பின்சுவரில் அப்பாவின் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டி ஒரு மாதிரி வரைந்தாள். அம்மா பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"சுவத்துல மாட்டாதட்டி. பாக்கவே நல்லால்ல."

நம் வீடுகளில் சுவரில் தனியாகத் தொங்கும் ஆண் படத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லவா வேண்டும்? மாலை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை என்றாலும் பார்க்கிறவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். ரோமில் சரியாக இருந்தது தென்காசியில் அபசகுனம். காலி நாற்காலி போட்டாலும் அதே அர்த்தம்தான். தம்பி கையில் போன் கொடுத்து வீடியோ காலில் அப்பாவைக் காட்டலாம் என்றால் முகம் ஒரு சென்டிமீட்டர் கூட வராது.

அவரைக் கூடவே நிற்க வைப்பதிலும் தொல்லை இருந்தது. இருந்த நல்ல படம் மஸ்கட்டில் வெளியே எடுத்தது, ஒரு பக்கமாக வெயில் அடிக்கிறது. மற்றவர்கள் வீட்டுக்குள் எடுத்த படத்தில் வெளிச்சம் முன்னால் இருந்து வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும்.

கடைசியில் பின்னணிதான் கைகொடுத்தது. படத்தின் வலது ஓரத்தில் வாசல் நிலையை வரைந்தாள். அதில் அப்பா. அவர் முகத்தில் விழும் வெயிலுக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது, அது வாசல் வெயில். தூரத்தில் நிற்பதால் தலையைக் கொஞ்சம் சின்னதாக்கினாள். ஆனால் கோடுகளை மங்கலாக்கவில்லை. தூரத்தில் இருப்பதை 2எச் போட்டு மங்கலாக்குவதுதான் வழக்கம், இங்கே அப்படிச் செய்தால் சினிமாவில் வரும் ஆவி மாதிரி ஆகிவிடும். அதனால் மீசைக்கும் முடிக்கும் தம்பிக்குப் போட்ட அதே 6பி. கால்களையும் தரையில் விழும் நிழலையும் கவனமாக வரைந்தாள். பேய்க்குக் கால் கிடையாது இல்லையா! மிச்சச் சுவரில் காலண்டர் இல்லை, டியூப்லைட் இல்லை. ஆச்சியின் நரைக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் நிழல்.

படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "வேலைக்குப் போய்ட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றார். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "எனக்கென்னமோ அவன் கெளம்புத மாதிரில்லா இருக்கு" என்றார். வாசலில் நிற்கிறவரை இரண்டு மாதிரியும் சொல்லலாம். கோட்டில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

ஆகவே குரூப் படம் வரையப் போகிறவர்கள், முகங்களைத் தொடுவதற்கு முன்பே பின்னணியை முடிவு செய்துவிடுவது நல்லது. உள்ளங்கை அளவுத் தாளில் மூன்று நான்கு விதமாகக் கிறுக்கிப் பாருங்கள், பத்து நிமிடம் கூட ஆகாது. எந்தப் பொருளை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பம் வேறு குடும்பமாகத் தெரியுமோ அதை வையுங்கள். மற்றதைத் தாளுக்கே விட்டுவிடுங்கள். முக்கியமாக, அதை வீட்டுக்காரர்களிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சுவரில் எது தொங்கலாம், எது தொங்கக் கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.