பெயர் தெரியாதவர் தந்த குடை

முன்பின் அறியாத ஊரில், மொழி தெரியாத தெருவில், மழையில் நனைந்தபடி நீங்கள் நின்றதுண்டா? அவ்வாறு நின்றவர்களுக்குத்தான் ஒரு குடையின் மதிப்பு விளங்கும்.

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது. என் கணவருக்கு ஜப்பான் நாட்டின் கோபே நகரில், முத்து வணிக நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. கீழக்கரையில் பிறந்த எனக்கு முத்து வணிகம் புதிதன்று. எனினும் கோபே முற்றிலும் புதிது. வடக்கே ரொக்கோ மலை, தெற்கே கடல், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நகரம் அது. வழி கேட்டால் அங்குள்ளோர் வடக்கு, தெற்கு என்று கூறுவதில்லை. மலைப்பக்கம், கடல்பக்கம் என்றே கூறுவர். கடலுக்கு அவர்கள் மொழியில் 'உமி' என்று பெயர். நெல்லின் உமியை மட்டுமே அறிந்திருந்த நான் எத்தனை முறை திகைத்திருப்பேன், எண்ணிப் பாருங்கள்!

1868இல் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட அத்துறைமுக நகரில், இந்திய வணிகர்களும் தாத்தாரிய முஸ்லிம்களும் பிறரும் பொருளுதவி புரிந்து, 1935இல் ஒரு பள்ளிவாசலைக் கட்டினர். இன்று ஜப்பானில் நிலைத்து நிற்கும் பள்ளிவாசல்களில் அதுவே மிகப் பழமையானது. பெண்கள் தொழவும் அங்கே இடமுண்டு என்றறிந்து, ஒரு நாள் தனியாகப் புறப்பட்டேன். சன்னோமியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மழை கொட்டிற்று. வழியும் தவறியது.

அப்போது, என் உம்மாவின் வயதை ஒத்த ஜப்பானியப் பெண்மணி ஒருவர் என்னருகே வந்து நின்றார். என் முக்காட்டைக் கண்டார். மலைப்பக்கம் கை நீட்டினார். தம் குடைக்குள் என்னைச் சேர்த்துக்கொண்டார். மேட்டுத் தெருக்களில் மூச்சு வாங்க என்னுடன் நடந்து, மினாராக்கள் தெரியும் இடம்வரை வந்தார். பிறகு குடையை என் கையில் திணித்துவிட்டு, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்துவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்கும் மொழியும் என்னிடம் இல்லை.

மற்றொரு நாள், கடையில் எந்த உணவில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது என்றறியாது தவித்தேன். வேறு வழியின்றிச் சீட்டொன்றில் பன்றியை வரைந்து, குறுக்கே கோடிட்டுக் காட்டினேன். கடைப் பையன் சிரிக்கவில்லை. பன்றியைக் குறிக்கும் எழுத்தை அதே சீட்டில் பெரிதாக எழுதித் தந்தான். பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவ்வெழுத்தைத் தேடும் விதத்தையும் கற்றுக் கொடுத்தான். இரண்டாண்டுகள் அச்சீட்டு என் கைப்பையிலேயே இருந்தது.

1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்கு நேர்ந்த பெரும் பூகம்பத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 6,434 உயிர்களைக் கொண்டுசென்ற கொடுமை அது. 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சிலும் வீழாத அப்பள்ளிவாசல், பூகம்பத்திலும் நிலைத்து நின்றது. ஆண்டுதோறும் அதே நாளில், அதே நேரத்தில், நகரப் பூங்காவில் மூங்கில் குழல்களில் விளக்கேற்றி மாண்டோரை நினைவுகூர்கின்றனர். 2006இல் நானும் என் கணவரும் அங்கே சென்றோம். குளிர்காற்றில் என் மெழுகுவத்தி அணைந்தது. அருகில் நின்ற முதியவர் தம் சுடரால் அதனை ஏற்றித் தந்தார். பிறகு மூன்று விரல்களை உயர்த்திக் காட்டி, விளக்குகளைச் சுட்டினார். அவர் வீட்டில் மூவர்! ஆறுதல் சொல்ல எனக்குச் சொல் ஏது? கண்ணீரோடு நின்றேன். அவர்தாம் என்னைத் தேற்றுவது போலத் தலை அசைத்தார்.

இனி, என் குறையையும் உங்களிடம் மறைக்காமல் கூறிவிடுகிறேன். ஊர் திரும்பிப் பல்லாண்டுகள் கடந்தபின், சென்ற ஐப்பசி மழையில் கடைத்தெருவுக்குப் போனேன். வடமாநிலத் தொழிலாளி ஒருவரின் மனைவி போலும், கைக்குழந்தையுடன் மருந்துச் சீட்டை ஏந்தி, போவோர் வருவோரிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தார். நானும் அவரைக் கடந்து சென்றேன். ஆம், கடந்தே சென்றேன்! பத்தடி நடந்தபின்தான் என் கையிலிருந்த குடை நினைவுக்கு வந்தது. கம்பி ஒன்று வளைந்துபோன, அதே கோபே நகரத்துக் குடை.

திரும்பி ஓடினேன். குழந்தைக்குக் காய்ச்சல். மருந்துக் கடைக்கு அழைத்துச் சென்று, மருந்து வாங்கித் தந்து, அவர்கள் தங்கும் கொட்டகைவரை குடை பிடித்துச் சென்றேன். குடையை அங்கேயே விட்டும் வந்தேன்.

அயலூரில் பெற்ற உதவியைத் தந்தவருக்கே திருப்பித் தர நமக்கு வாய்ப்பதில்லை. அவர் பெயரும் தெரியாது, முகவரியும் தெரியாது. அதைப் பெற உரியவர் நம் தெருவிலேதான் நிற்கிறார். நம் வீடுகளில் அயல்நாட்டு வாழ்வை அறியாத வீடு எத்தனை? நம் பிள்ளைகளுக்கும் கணவன்மார்க்கும் எங்கோ ஒரு தெருவில் எவரோ வழி காட்டியிருக்கிறார். இன்று நம் ஊருக்கு வந்திருக்கும் அயலாரின் பெயரை, நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?