தீர விசாரிப்பதே மெய்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. களவு, கொலை போன்ற பெரிய வழக்குகளுக்கே இது பொருந்தும் என்று பலரும் நினைப்பர். வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் ஒரு சிறு பெட்டிக்கும் இது பொருந்தும் என்பதை இவ்வாண்டு நான் நேரில் கண்டேன். அன்புத் தோழியரே, அதையே இங்கு உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள். 2004-இல் அரசு அகலக்கற்றைக் கொள்கையை வெளியிட்டபோது, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அகலக்கற்றை என்று பெயர். 2023-இல் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட்டாக உயர்ந்தது. எங்கள் வீட்டு இணைப்போ 40 மெகாபிட். 2004-இன் அளவைப்போல் 150 மடங்குக்கும் மேல். இருந்தும் அதனால் எங்கள் வீட்டில் மூண்ட மனத்தாங்கலுக்கு அளவில்லை!

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருப்பது தடித்த சுவர்கள் கொண்ட பழைய காரை வீடு. முன்கட்டில் நாங்கள். பின்கட்டில் தனியாக வாழும் ஓர் ஆச்சி. அவருடைய மகன் குவைத்தில் வேலை பார்க்கிறார். மாடியில் மூன்று அக்காமார். மூவரும் மருத்துவமனையில் செவிலியர்கள். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது என் படிப்புக்காக அப்பா இணைய இணைப்பு வாங்கினார். பின்னர் மற்ற இரு குடித்தனங்களும் சேர்ந்துகொண்டன. மாதக் கட்டணம் வரியுடன் 708 ரூபாய்; ஆளுக்கு 236 ரூபாய். ஒற்றுமையாகத்தான் இருந்தோம்.

சென்ற ஆண்டு வைகாசியில் தொல்லை தொடங்கியது. ஒருநாள் இணையம் காற்றாய்ப் பறக்கும். மறுநாள் மாலை நத்தையாய் ஊரும். வெள்ளிக்கிழமைதோறும் காணொளியில் பேசும் ஆச்சியின் மகன் பாதி வார்த்தையில் அப்படியே உறைந்து நிற்பார். சின்ன அக்கா ஜெர்மனியில் வேலைக்குச் செல்வதற்காக இரவு 8 மணிக்கு இணையவழியில் ஜெர்மன் மொழி கற்று வந்தார். அவருடைய வகுப்பும் அடிக்கடி அறுந்தது. இணைப்பு தந்த நிறுவனத்தாரிடம் சொன்னால், "பெட்டியை அணைத்துப் போடுங்கள்" என்பதே பதில்.

ஆடி மாதம் முழுதும் இணையம் ஒழுங்காக ஓடியது. "தானாகச் சரியாகிவிட்டது" என்று மகிழ்ந்தோம். ஆவணி பிறந்ததும் பழைய கதை திரும்பியது. பொறுமை இழந்த பெரியவர்களின் சந்தேகம் மாடிப் பக்கம் திரும்பியது.

"அந்தப் பிள்ளைகள்தான் ராத்திரி பூராவும் படம் பார்க்குதுகள். மாசம் முடிஞ்சதும் பாஸ்வேர்டை மாத்திருவோம்" என்றார் அம்மா. ஆச்சியும் தலையசைத்தார். சொந்த ஊரை விட்டு வந்து வாடகைக்கு இருப்பவர்கள். எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஆகவே பழியை அவர்கள்மேல் போடுவது எளிதாயிருந்தது. ஆனால் சின்ன அக்காவின் தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தது. வகுப்பு நின்றால் அவருடைய ஓராண்டு உழைப்பும் வீண்.

"ஒரே ஒரு மாதம் பொறுங்கள் அம்மா, நான் கணக்கெடுத்துச் சொல்கிறேன்" என்று கேட்டுக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தில் எங்கள் அறிவியல் ஆசிரியை ஓயாமல் சொல்லும் விதி ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று, கண்டதை உடனே எழுது. பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். தேதி, நேரம், பெட்டியோடு கம்பி பொருத்திய கணினியில் வேகம், வைஃபையில் வேகம், வீட்டில் யார் யார் இருந்தனர் என்று ஐந்து கட்டங்கள்.

முதல் வாரத்திலேயே ஓர் உண்மை விளங்கியது. காலையில் கம்பி வழியே 38 மெகாபிட் வந்தது. அதே நேரத்தில் பின்கட்டில் வைஃபையில் வந்ததோ 3 மெகாபிட். ஆகவே தெருவிலிருந்து வரும் இழையில் குறையில்லை. வீட்டுக்குள் அலை பரவுவதில்தான் குறை. எங்கள் பெட்டி இரும்பு பீரோவின் பின்னால் இருந்தது. இரும்பு வானொலி அலையைத் தடுக்கும். தடித்த சுவர் அதன் வலிமையைக் குறைக்கும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதைவிடத் தொலைவு செல்லும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அக்கம்பக்கத்துப் பெட்டிகளும் அவற்றிலேயே நெருக்கியடிக்கின்றன. பெட்டியை நடுக்கூடத்தில் உயரமான பலகையில் வைத்தோம். பின்கட்டில் 18 மெகாபிட் வந்தது. ஆச்சிக்கு ஒரே மகிழ்ச்சி.

ஆயினும் முன்னறிவிப்பின்றி வரும் அந்த நத்தை வேகம் மட்டும் போகவில்லை. சில மாலைகளில் கம்பி வழியே பார்த்தாலும் 2 மெகாபிட்தான். இரவு 9 மணிக்குச் சற்றுக் குறைவது இயல்பு. ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகள்கூடப் பகிர்ந்துகொள்வதுண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் குறையத்தான் செய்யும். ஆனால் 38 எங்கே, 2 எங்கே?

நோட்டைப் புரட்டினேன். வேகம் அடியோடு விழுந்த நாட்கள் ஐந்து. அவற்றில் மூன்று நாட்களில் அக்காமார் மூவருமே இரவுப் பணிக்குச் சென்றிருந்தனர். மாடி பூட்டிக் கிடந்தது! அப்படியானால் அவர்கள் எவ்வாறு காரணமாக முடியும்? பிறகு, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அந்த ஐந்து தேதிகளையும் பார்த்தேன். ஐந்தும் முகூர்த்த நாட்கள்!

என் அப்பா திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். முகூர்த்தம் முடிந்து மாலையில் வீடு திரும்பியதும் படங்களையும் வீடியோவையும் கணினியில் ஏற்றுவார். கணினியில் உள்ள ஒரு நிரல், அவற்றின் நகலை இணையச் சேமிப்பகத்துக்குத் தானாகவே அனுப்பத் தொடங்கிவிடும். ஒரு திருமணத்துக்கு ஏறக்குறைய 40 கிகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் என்பது நொடிக்கு 5 மெகாபைட்தான். முழு வேகத்தில் அனுப்பினாலும் இரண்டே கால் மணி நேரம் ஆகும். ஆடியில் திருமணம் இல்லை. ஆகவே தொல்லையும் இல்லை.

"அனுப்புவதால் பெறுவது ஏன் குறைய வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நாம் ஒரு பாடத்தைப் பெறும்போதும் "இதை அனுப்பு", "இது வந்து சேர்ந்தது" என்ற சிறு செய்திகள் நம் பக்கமிருந்து ஓயாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவை திருமண வீடியோவின் பின்னால் வரிசையில் காத்துக் கிடந்தால், வரவேண்டியதும் தாமதமாகும். ரேஷன் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர், பத்து மூட்டை ஏற்றுபவரின் பின்னால் நிற்பதைப் போன்றது இது.

நினைத்தது மட்டும் போதாது; நிறுவ வேண்டுமல்லவா? அடுத்த முகூர்த்த நாளன்று அப்பாவையும் அம்மாவையும் அருகில் வைத்துக்கொண்டு, அப்பாவின் கணினியை இணைப்பிலிருந்து நீக்கினேன். கைப்பேசியில் அளந்தால் வேகம் 2-லிருந்து 36-க்கு ஏறியது. மீண்டும் இணைத்தேன்; விழுந்தது. மூன்று முறை செய்தும் அதே முடிவு. அப்பா சிரித்துவிட்டு, இரவு 12 மணிக்குப் பின்பே நகல் செல்லுமாறும், அதுவும் பாதி வேகத்திலேயே செல்லுமாறும் அந்த நிரலை மாற்றி அமைத்தார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் மாலை மாடிக்குச் சென்று, அக்காமாரிடம் நடந்ததைத் தாமே சொல்லி வருத்தம் தெரிவித்தார். சின்ன அக்காவின் வகுப்பு அதன்பின் தடைபடவில்லை.

தோழியரே, உங்கள் வீட்டிலும் இணையம் தள்ளாடினால் முதலில் கம்பியில் அளந்து பாருங்கள். பின்பு வைஃபையில் அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். பெட்டியை இரும்பிடமிருந்தும் மூலையிலிருந்தும் விடுவியுங்கள். நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பெறும் வேகத்தோடு அனுப்பும் வேகத்தையும் கவனியுங்கள். யாரையேனும் குற்றம் சொல்லும் முன், அந்நேரத்தில் அவர் வீட்டில் இருந்தாரா என்று நோட்டைப் பாருங்கள்.

பகிர்ந்து வாழும் இடத்தில் குறை நேரும்போது, பேச வாயற்றவர்மேல் பழி விழுவது உலக வழக்கமாயிருக்கிறது. அந்த வழக்கத்தை மாற்றப் பெரும் படிப்பு தேவையில்லை. ஒரு பழைய நோட்டும், ஒரு பென்சிலும், ஒரு மாதப் பொறுமையும் போதும்.