வெள்ளைக் கல்

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

அரிசியில் கருங்கல் கிடந்தால் குழந்தைகூடப் பொறுக்கிவிடும். வெள்ளைக் கல் கிடந்தால்? அதற்கு என் அம்மா கண்ணை நம்புவதில்லை. அரிசியைத் தண்ணீரில் போட்டு, பாத்திரத்தை ஆட்டி ஆட்டி அரித்தெடுப்பார். அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் அடியில் தங்கிவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை தண்ணீருக்கு வேறாகிவிடுகின்றன! சமையலறையில் நான் பலமுறை கண்ட இந்த வித்தையின் பொருள் எனக்கு விளங்கியது எங்கள் ஆய்வுக்கூடத்தில்தான்.

அன்று எங்களுக்குப் பாரா நைட்ரோஃபீனால் தயாரிக்கும் செய்முறை. ஃபீனாலோடு நீர்த்த நைட்ரிக் அமிலம் வினைபுரியும்போது, நாம் ஒன்றைக் கேட்டால் அது இரண்டைத் தருகிறது: ஆர்த்தோ, பாரா. இரண்டுக்கும் ஒரே வாய்பாடு. மூலக்கூறு எடையும் ஒன்றே, 139. பென்சீன் வளையத்தில் நைட்ரோ தொகுதி அமரும் இடம் மட்டுமே வேறு. ஹைட்ராக்சில் தொகுதிக்கு அடுத்த வீட்டில் அமர்ந்தால் ஆர்த்தோ. எதிர் வீட்டில் அமர்ந்தால் பாரா.

இந்த இரட்டையரை எப்படிப் பிரிப்பது? ஆர்த்தோவில் இரு தொகுதிகளும் பக்கத்தில் இருப்பதால், ஹைட்ரஜன் பிணைப்பால் தமக்குள்ளேயே கைகோத்துக்கொள்கின்றன. பாராவுக்கு அந்த வசதி இல்லை. அது அண்டை மூலக்கூறுகளோடு கைகோக்கிறது. ஆகவேதான் ஆர்த்தோ சுமார் 45 பாகையில் உருகுகிறது, பாராவோ 114 வரை தாங்குகிறது. கலவைக்குள் நீராவியைச் செலுத்தினால், தனித்திருக்கும் ஆர்த்தோ ஆவியோடு கிளம்பிவிடும்; சுற்றத்தோடு பிணைந்த பாரா குடுவையிலேயே தங்கிவிடும். அம்மாவின் தண்ணீர் செய்ததை இங்கே நீராவி செய்கிறது!

நீராவி போகப் போக, ஆர்த்தோ மஞ்சள் எண்ணெயாக இறங்கிக் கண்டன்சருக்குள் உறைந்து, குழாயையே அடைத்தது. குளிர்நீரைச் சற்று நிறுத்தியதும் இளகி வழிந்தது. மஞ்சள் வருவது முற்றிலும் நிற்கும்வரை வடிக்க வேண்டும் என்பது விதி. நான் அடுப்பை அணைத்தபோது வடிநீர் இன்னும் வெளிர் மஞ்சளாகவே இருந்தது. மணி நாலரை. ஐந்து மணிப் பேருந்தை விட்டால், எங்கள் ஊருக்கு அடுத்தது ஏழரைக்குத்தான்.

அடுத்த வகுப்பில், குடுவையில் தங்கியதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரித்தூளோடு கொதிக்க வைத்துச் சூட்டோடு வடிகட்டினேன். ஆறியதும் ஊசி ஊசியாகப் படிகங்கள் விழுந்தன. அழகில் ஒரு குறையும் இல்லை. உலர்த்தி, நுண்குழாயில் அடைத்து உருகுநிலை பார்த்தேன். 103-இல் நனையத் தொடங்கி 109-இல் முழுதும் உருகிவிட்டது. தூய பொருளாயின் ஓரிரு பாகைக்குள் சட்டென்று உருகியிருக்க வேண்டும். மீண்டும் படிகமாக்கினேன். 105 முதல் 110. குளிர்ந்த நீரில் பாராவைவிட ஆர்த்தோ குறைவாகவே கரையும். ஆகவே, ஒவ்வொரு முறையும் படிகத்தோடு அதுவும் உடன் விழுந்து ஒட்டிக்கொண்டது. கரைத்துப் பிரிக்க முடியாத உறவு!

ரெக்கார்டு நோட்டில் “உருகுநிலை: 114” என்று எழுதினேன். என் கை நடுங்கவில்லை. பேராசிரியரும் நம்பி ஒப்பமிட்டார்.

அன்றிரவு நோட்டைப் புரட்டினேன். அந்த 114, மற்ற எண்களைப் போலவே அதே நீல மையில், அதே கையெழுத்தில் இருந்தது. நான் எடை பார்த்து எழுதிய எண்ணுக்கும் பார்க்காமல் எழுதிய எண்ணுக்கும் எந்த வேற்றுமையும் இல்லை. என் நோட்டில் கிடந்தது வெள்ளைக் கல்! அதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் பேராசிரியரிடம் போய், “சார், அந்த 114 நான் பார்த்தது இல்லை, புத்தகத்தில் இருந்தது” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“புத்தகத்துல 114-ன்னு எனக்குத் தெரியாதாப்பா? உன் குழாயில என்ன இருந்துச்சுன்னுதானே கேட்டேன்? அது உனக்கு மட்டும்தானே தெரியும்!”

பிறகு, “அதை நீயே அடிச்சுட்டு, பார்த்ததை எழுது. அப்புறம் அந்தப் பொருளை மறுபடியும் நீராவியில போடு” என்றார்.

போட்டேன். தூய்மையாகிவிட்டது என்று நான் நினைத்திருந்த அந்த அழகான படிகங்களிலிருந்து மஞ்சள் துளிகள் ஒவ்வொன்றாக இறங்கின. வடிநீர் தெளிந்த பிறகும் கால்மணி நேரம் விட்டேன். ஆய்வுக்கூடத்தைப் பூட்ட வேண்டிய அட்டெண்டர் அண்ணன், சாவியோடு வாசலிலேயே காத்திருந்தார். ஐந்து மணிப் பேருந்து போயே விட்டது. அதற்காக நான் வருந்தவில்லை.

படிகமாக்கி, உலர்த்தி, மீண்டும் பார்த்தபோது உருகுநிலை 112 முதல் 113. அப்படியே எழுதினேன். முதலில் 2.6 கிராம் இருந்த பொருள் 1.7 கிராமாகக் குறைந்திருந்தது. விளைபொருள் குறைவு என்று ஒரு மதிப்பெண்ணும் குறைந்தது. தூய்மைக்கு விலை உண்டு. அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

நண்பர்களே! முற்றிலும் மாறான அழுக்கு நம்மை ஏமாற்றாது. அதை உடனே கண்டு விலக்கிவிடுவோம். நல்லதைப் போலவே தோற்றமளிக்கும் அழுக்குதான் நல்லதோடு சேர்ந்தே படிகமாகிவிடுகிறது. அதைப் பிரிக்க அழகைப் பார்த்துப் பயனில்லை. இரண்டும் வேறுபடும் அந்த ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, மஞ்சள் நிற்கும்வரை பொறுமையாக நீராவி பாய்ச்ச வேண்டும். அடித்துத் திருத்திய அந்தப் பக்கம் இன்றும் என் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டிலேயே சற்று அசிங்கமான பக்கம் அதுதான்; நான் கூசாமல் காட்டக்கூடிய பக்கமும் அதுதான்.