கசட்டில் இருந்த குரல்

எங்கள் வீட்டில் ஒரு கசட் இருக்கிறது. அறுபது நிமிடக் கசட். 1998ஆம் ஆண்டு வைகாசி மாதம் வெல்லாவெளியில் எங்கள் முற்றத்தில் இருந்து என் கணவர் வடமோடிக் கூத்துப் பாட்டுகளைப் பழகிக்கொண்டிருந்தபோது, அவருடைய தம்பி றேடியோவைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தது. மகளுக்கு அப்போது ஒரு வயதும் ஆகவில்லை.

2006இல் சாமான் வாங்கவென்று அக்கரைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த வருடம் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது நாங்களும் பட்டிருப்புப் பாலம் கடந்து எழுவான்கரைக்குப் போனோம். சொப்பிங் பையில் இருந்தவை அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், இந்தக் கசட். முகாமில் அதைப் போட்டுக் கேட்க றேடியோ இல்லை. தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஊர் திரும்பிய பிறகு வருடத்துக்கு ஒரு முறைதான் போட்டுக் கேட்போம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் நாடா தேயும் என்று பயம். போன வருடம் மகள் பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்தாள். “அம்மா, இதைக் கொம்பியூட்டரில ஏத்தி வைக்கலாம்” என்றாள். பட்டணத்தில் ஒரு கடையில் கேட்டோம். கசட்டை ஒரு கிழமை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். காசு பெரிய பிரச்சினை இல்லை. வைத்துவிட்டு வரத்தான் எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் நானே இந்த வேலையைப் பழக வேண்டி வந்தது.

மகள் காட்டித் தந்த மென்பொருளின் பெயர் ஓடாசிற்றி. 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, றொஜர் டனன்பேர்க் என்ற இருவர் தொடங்கி, 2000ஆம் ஆண்டு எல்லோருக்கும் இலவசமாக விட்டது. 2021இல் வேறொரு கம்பனியின் கைக்குப் போன பிறகும் காசு கேட்கவில்லை. ஒருவர் இறக்கியதைப் பென் ட்ரைவில் போட்டு அடுத்தவருக்குக் கொடுப்பதும் களவு அல்ல, அதற்கு அனுமதி உண்டு. டேட்டாவுக்குக் காசு தேடும் எங்களுக்கு இது பெரிய விசயம். முதலில் இறக்குபவர் மட்டும் அதன் சொந்த இணையத்தளத்தில் இருந்து இறக்க வேண்டும். வேறு இடங்களில் வைரசும் சேர்ந்து வரும்.

எனக்கு இங்கிலிஸ் மட்டு மட்டு. மகளின் பழைய கொப்பி ஒன்றில் திரையில் இருக்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் படமும் கீறி வைத்தேன். சிவப்பு வட்டம் பதிவு. சதுரம் நிறுத்த. இவ்வளவும் பழக இரண்டு நாள்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முனை உள்ள வயர் ஒன்று வாங்கினோம். ஒரு முனை றேடியோவில் காதில் வைத்துக் கேட்கும் துளையில். மற்றது கணினியில் மைக் துளையில். புதிய கணினிகளில் ஒரே துளைதான் இருக்கும். அதற்கு யு.எஸ்.பி.யில் செருகும் சின்னச் சவுண்ட் கார்ட் தேவைப்படும். எங்களுடையது பழசு என்பதால் தப்பினோம்.

முதல் பதிவு பிழைத்தது. றேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். மத்தளம் விழுந்த இடமெல்லாம் அளவுகோடு சிவப்புக்குப் போய் சத்தம் வெடித்தது. அப்படி வெடித்ததைப் பிறகு நல்லபடி திருத்த முடியாது, குறைத்து வைத்துத் திரும்பப் பதிய வேண்டும். மறுகா ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல், பாட்டுக்கு அடியில். அது கரண்டில் இருந்து வருவது. றேடியோவைப் பற்றறியில் ஓட விட்டு, கணினியின் சார்ஜரையும் கழற்றினேன். இரைச்சல் போய்விட்டது.

நாடாவின் ‘உஸ்’ சத்தம் மட்டும் மிஞ்சியது. அதைக் குறைக்க ஓடாசிற்றியில் வழி இருக்கிறது. பாட்டு இல்லாத, ‘உஸ்’ மட்டும் உள்ள இரண்டு மூன்று செக்கன்களைத் தெரிவுசெய்து ‘இதுதான் இரைச்சல்’ என்று காட்ட வேண்டும். பிறகு பதிவு முழுவதையும் தெரிவுசெய்து குறைக்கச் சொல்ல வேண்டும். அது நன்றாக வேலை செய்ததும் எனக்கு ஆசை கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மூன்று தரம் செய்தேன். நாய் குரைத்த இடத்தை வெட்டினேன். ‘பிள்ளையைப் பிடிங்க’ என்று நான் குசினிக்குள் இருந்து கத்துவதையும், மகள் அழுவதையும் வெட்டினேன். சேமித்துக் கணினியை மூடிவிட்டு மாமியைக் கூப்பிட்டேன்.

மாமிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கேட்டுவிட்டுச் சொன்னா: “மனே, என்ட புள்ள தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இரிக்கி. நீ என்னத்தக் கழுவினாய்?”

உண்மைதான். இரைச்சலோடு சேர்ந்து அவருடைய மூச்சும் போயிருந்தது. திரும்பப் போக முயன்றேன். ஒரு வேலையை மூடிவிட்டால் ‘முந்தியதுக்குப் போ’ என்ற கட்டளை முந்தி செய்ததை நினைவில் வைத்திருப்பதில்லை. முதல் பதிவைத் தனியாகச் சேமிக்கவும் இல்லை. சரி, கசட் இருக்கிறதே என்று திரும்பப் போட்டேன். பத்து நிமிடத்தில் நாடா றேடியோவுக்குள் சிக்கி அறுந்தது.

அன்று இரவு நான் சமைக்கவில்லை. காணாமல் போனவரைத் தேடி எத்தனை படிவங்களில் படம் ஒட்டியிருப்பேன். இதை என் கையாலேயே அறுத்துவிட்டேனே என்று இருந்தது.

முந்தி றெக்கோடிங் பார் நடத்திய அண்ணன் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவர் சிரித்தார். “நாடா அறுந்தால் பாட்டு சாகாது தங்கச்சி” என்று சொல்லி, கசட்டின் மூலைகளிலும் நடுவிலும் இருந்த ஐந்து சின்ன ஆணிகளைக் கழற்றினார். அறுந்த இரு முனைகளையும் நேராக வெட்டிச் சேர்த்து, காந்தத் தலையில் படாத பின்பக்கத்தில் மெல்லிய ஒட்டுநாடா ஒட்டினார். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு கழன்று போயிருந்தது. அதனால் இரண்டு உருளைகளையும் அப்படியே தூக்கி வேறொரு கசட்டின் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினார். என் முன்னாலேயே செய்தார், கசட்டை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஒட்டிய இடத்தில் அரை எழுத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த முறை பதிந்தவுடன், ஒன்றும் செய்யாமல், ‘வேவ்’ கோப்பாக வெளியே எடுத்தேன். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைற் பிடிக்கும். ஒரு பக்கம் முழுவதும் 300 வரும். அதைக் கணினியில் ஒன்று, பென் ட்ரைவில் ஒன்று, தங்கச்சி வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்தேன். திருத்தும் வேலை எல்லாம் அதன் பிரதியில்தான். போனில் அனுப்ப எம்.பி.3 ஆக்கினால் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். ‘உஸ்’ சத்தத்தை ஒரே ஒரு தரம், கொஞ்சமாகக் குறைத்தேன். நாயும் மகளும் நானும் இருந்த இடத்தில் இருக்கிறோம்.

வி.சீ. கந்தையா அவர்கள் 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதியதால் எங்கள் பாட்டுகள் பல எழுத்தில் தப்பின. ஆனால் பாடியவர்களின் குரல் எழுத்தில் வராது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தினர் இப்போது ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறார்கள். கொடுக்கலாமா என்று மகள் கேட்டாள். கூத்துப் பாட்டைக் கொடுக்கலாம். என் குரலும் பிள்ளை அழுவதும் உள்ள முதல் நாலு நிமிடத்தைக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அதைத் தனிக் கோப்பாக வெட்டி வைத்திருக்கிறேன்.

மாமி இப்போது தினமும் மாலையில் ஒரு தரம் கேட்கிறா. போன கிழமை, “என்ட தாலாட்டையும் இதுக்குள்ள ஏத்து மனே” என்றா. இதற்குக் கசட் வேண்டாம், போனையே ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பதிந்து கணினிக்கு மாற்றலாம். இரண்டு பாட்டு முடிந்துவிட்டது. மூன்றாவதின் நடுவில் வயல் பக்கம் யானை வெடி போட்டார்கள். மாமி நிறுத்தாமல் பாடினா. அந்த வெடியை எடுக்கவா விடவா என்று நான் இன்னும் கேட்கவில்லை.