அளவுக்கு அடங்கிய கற்பனை

வேற்றுக் கிரகத்தைக் களமாகக் கொண்டு கதை புனைகிறவனுக்குக் கற்பனை எவ்வளவு தேவையோ அவ்வளவு கணிதமும் தேவை என்று நான் சொல்லும்போதெல்லாம், சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டுக்கு வரும் இலக்கிய நண்பர்கள் நகைக்கிறார்கள். தன் சிருஷ்டிக்குத் தானே பிரம்மாவாகிய கதாசிரியனுக்கு அளவுகோல் எதற்கு என்பது அவர்கள் கட்சி.

என் கட்சிக்குச் சாட்சி, நான் இப்போது எழுதிவரும் கதையின் களமேயாகும். மீன ராசி மண்டலத்தில் 2010-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, வாஸ்ப்-32பி என்று பட்டியலில் ஏறிய கிரகம் அது. சர்வதேச வானியல் சங்கம் தன் நூற்றாண்டை ஒட்டி 2019-இல் பல நாடுகளுக்கும் பெயர் சூட்டும் உரிமையைப் பகிர்ந்தளித்தபோது, அந்தக் கிரகத்துக்கு விகுலஸ் என்றும், அதன் நக்ஷத்திரத்துக்குப் பாரும்லியோ என்றும் சிங்கப்பூர் பெயரிட்டது. விகுலஸ் குறுக்கே செல்லும்போது நக்ஷத்திரத்தின் ஒளி நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாக மங்குகிறது. அதனால் அதன் விட்டம் வியாழனைப் போல் சுமார் 1.18 மடங்கு என்று தெரிகிறது. நக்ஷத்திரத்தின் சிறு தள்ளாட்டமோ, அதன் நிறை வியாழனைப் போல் சுமார் 3.6 மடங்கு என்று சொல்லிவிடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணித்தால், ஈர்ப்பு விசை பூமியினுடையதைப் போல் ஆறு மடங்குக்கு மேல் வரும்.

இந்த எண்கள், வெண்பாவுக்குத் தளை போல, என் கற்பனையைக் கட்டுவதோடு நில்லாமல் அதற்கு நடையும் கற்பிக்கின்றன. புக்கிட் பாத்தோக்கில் பழைய கருங்கல் குவாரி ஏரியாகிவிட்டாலும் அதன் கரையில் நடப்பவனுக்குக் காலூன்ற நிலம் உண்டு. விகுலஸோ வாயுக் கோளமாதலால், என் பாத்திரங்களுக்கு நடை என்பதே கிடையாது. காற்றில் மிதக்கும் மெல்லிய தோற்படலங்களாக அவர்களை நான் படைத்தேன். அக்கிரகம் சுமார் 60 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலேயே 2.72 நாளுக்கு ஒருமுறை நக்ஷத்திரத்தைச் சுற்றி வருகிறது. இவ்வளவு சமீபத்தில் சுற்றும் கிரகங்கள் பெரும்பாலும் ஒரே முகத்தையே நக்ஷத்திரத்துக்குக் காட்டும் என்பது வானியலார் துணிபு. அப்படியானால், ஆண்டு முழுதும் மாலை ஏழு மணி சுமாருக்கு நம்மைத் தேடி வரும் அந்தி, அங்கே பகலுக்கும் இரவுக்கும் நடுவே நிலைத்து நிற்கும் ஓர் எல்லைக்கோடு. அந்தியை விரும்புகிறவன் அதைத் தேடிப் பயணம் போகவேண்டும். என் கதாநாயகியின் யாத்திரை அங்கேதான் பிறந்தது. கணிதம் துணை நில்லாதிருந்தால் அப்படியொரு நிகழ்ச்சி எனக்குத் தோன்றியே இராது.

சுமார் 1,300 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் உயிர் எவ்வாறு தரிக்கும் என்று கேட்பவர்களுக்கு, அது என் புனைவு என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். அளந்தது எது, புனைந்தது எது என்பதைக் கதையின் இறுதியில் குறித்துவிடுவது வாசகனுக்கு நான் செலுத்தும் மரியாதை. இத்துறையில் புகும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுவே: எண்களுக்கு அடங்க மனமில்லையென்றால் கிரகத்தையும் நீங்களே படைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொள்ளுங்கள், உண்மையான கிரகத்தின் பெயரைக் கடன் வாங்கினால், அதன் அளவுகளையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.